மலைநிலத்தின் விலை: எடப்புளி நாடும் கொல்லிமலை வாழ்வும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பாகிய கொல்லிமலை, நாமக்கல் மாவட்டச் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து, கடல்மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரையிலான உயரத்தில், குன்றும் பள்ளத்தாக்கும் மாறிமாறி வரும் மேட்டுநிலமாகப் பரந்து கிடக்கிறது. செம்மேட்டைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டமாகவும் ஊராட்சி ஒன்றியமாகவும் இயங்கும் இம்மலையில் 14 ஊராட்சிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் ‘நாடு’ என்றே அழைக்கப்படுகின்றன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புளி நாடு என்று நீளும் வரிசையில் எடப்புளி நாடும் ஒன்று. நாடு என்பது இங்கே ஒரே ஊரன்று. வயலும் காடும் ஓடையும் இடையிடையே கிடக்க, சிதறி அமைந்த பல சிற்றூர்களின் தொகுதி அது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலையின் மக்கள்தொகை ஏறத்தாழ 40,000. அவர்களுள் பத்தில் ஒன்பது பங்கினருக்கு மேற்பட்டோர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட, ‘மலையாளி’ என்று பெயர் பெற்ற பழங்குடியினர்.

சமவெளி மக்களுக்கு இம்மலை ஆகாய கங்கை அருவியாலும், அறப்பளீசுவரர் கோயிலாலும், ஆடி மாதத்து வல்வில் ஓரி விழாவாலும், காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளாலும் அறிமுகமானது. அண்மைக் காலத்தில் இவற்றோடு இன்னொரு அறிமுகமும் சேர்ந்துள்ளது: குளிர்ந்த காற்றும் மிளகுக் கொடியும் உள்ள இடத்தில் நிலம் வாங்கிப் போடலாம் என்னும் எண்ணம். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் விலை எட்டாத உயரத்திற்குச் சென்றுவிட்ட பிறகு, அவற்றை விட எளிதில் கிடைக்கக்கூடியதாகத் தோன்றும் மலைகளை நோக்கி நகரத்துப் பணம் நகர்வது இயல்பு. இந்நகர்வால் மலைநிலத்தின் விலை ஏறும்போது, அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவரின் வாழ்வும் உயர்கிறதா என்பதே ஆராயப்பட வேண்டிய கேள்வி. விலையேற்றத்தையே வளர்ச்சி என்று கொள்ளும் பொதுக்கருத்து, விற்பவர் எந்த நிலையில் நின்று விற்கிறார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

காய்ச்சல் காவலிருந்த காலம்

நிலம் விற்பனைப் பண்டமாவதற்கு வாங்குவோர் வேண்டும். கொல்லிமலையில் நெடுங்காலம் வெளியிலிருந்து வாங்குவோர் இல்லை. வண்டிப்பாதை இல்லாமை அதற்கு ஒரு காரணம். அதைவிட வலிய காரணம் மலேரியாக் காய்ச்சல். 1913இல் மலைக்கு வந்து, வாழவந்தி நாட்டுப் பகுதியில் மருத்துவமும் கல்வியும் வழங்கிய ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார், 1929இல் அக்காய்ச்சலின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த அவருடைய மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்வதில் உலகப் புகழ் பெற்றார். கணவரை இழந்த பின்னும் முதுமை வரை மலைமக்களுக்காக உழைத்த தாய் ஈவ்லின் பிராண்ட், 1974இல் மறைந்து கொல்லிமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மனவுறுதியோடு வந்தவர்களையே பலிகொண்ட காய்ச்சல், இலாபத்தை நாடி வரக்கூடியவர்களைத் தொலைவிலேயே நிறுத்தியது என்பதில் வியப்பில்லை. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் போன்ற முயற்சிகளால் காய்ச்சல் பின்வாங்கியதும், மலைச்சாலைகள் அமைந்ததும் மக்களுக்குப் பெரும் நன்மை செய்தன. அதே வேளையில், நிலத்தை வெளியாரிடமிருந்து காத்துவந்த இயற்கை அரணையும் அவை நீக்கிவிட்டன. அந்த அரணுக்கு மாற்றாகச் சட்டத்தின் அரண் எழுந்ததா என்பதில்தான் பின்னாளைய சிக்கல்கள் எல்லாம் அடங்கியுள்ளன.

மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரின் வழியினர் என்றும், அவர்கள் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மூன்றிலும் பிரிந்து குடியேறினர் என்றும் ஒரு மரபுக்கதை வழங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய தொகுதிகளில் அது பதிவாகியுள்ளது. அம்மக்களிடையே நிலத்தைப் பற்றிய வழக்குகளைப் பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் ஆகிய மரபுத் தலைவர்கள் கூடித் தீர்த்தனர். ஒருவருடைய காடு எங்கே முடிந்து மற்றவருடைய காடு எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஓடையும் பாறையும் பலாமரமும் சாட்சியாக இருந்தன; ஊரார் அனைவரும் எல்லையை அறிந்திருந்ததால், அதைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டிய தேவை எழவில்லை. அறிமுகமில்லாதவர் வாங்க வரும்போதுதான் ஊரறிவு போதாமல் போய், ஆவணம் அதன் இடத்தைப் பிடிக்கிறது.

ஒரே நிலம், இரு மதிப்பு

கொல்லிமலையின் சாகுபடி நிலம் ஒரே தன்மை உடையதன்று. ஊற்றும் ஓடையும் கசியும் பள்ளங்களில் படிப்படியாக அமைந்த நெல்வயல்கள், வீட்டையொட்டிய தோட்டங்கள், ஏர் செல்லக்கூடிய சரிவான மேட்டுக்காடுகள், ஏர் ஏற முடியாததால் கொத்தாலேயே கொத்தி விதைக்கப்படும் செங்குத்தான சரிவுகள் எனப் பல வகை நிலங்கள் ஒரே குடும்பத்தின் கைவசம் சிறு சிறு துண்டுகளாக இருக்கும். மலையின் பெரும்பகுதி காப்புக்காடாகவும் பாறைச்சரிவாகவும் இருப்பதால் புதிய சாகுபடி நிலம் உருவாக வழியில்லை. குடும்பங்கள் பெருகும்போது இருக்கும் நிலமே மேலும் மேலும் பாகப்படுகிறது.

எடப்புளி நாட்டைப் போன்று வேளாண்மையையே நம்பி வாழும் ஒரு நாட்டில் உழவர் நிலத்தை மதிக்கும்போது முதலில் நீரையும், அடுத்து மண்ணின் ஆழத்தையும், அதன்பின் வீட்டிலிருந்து உள்ள தொலைவையும் பார்க்கிறார். ஆகவே பள்ளத்து வயலே அவருக்கு உயர்ந்த நிலம், கல்லும் சரிவுமான மேடு தாழ்ந்த நிலம். வெளியிலிருந்து வரும் வாங்குநரோ தார்ச்சாலை முகப்பையும், வாகனம் சென்று நிற்கும் வசதியையும், மின்கம்பத்தின் அண்மையையும், மேட்டிலிருந்து தெரியும் காட்சியையும் பார்க்கிறார். உழவர் கடைசியாக மதிக்கும் கல்மேடே அவருக்குத் தங்கும் விடுதி கட்டத் தக்க முதல்தர நிலமாகிறது. இந்த இரண்டு மதிப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் மலைநிலச் சந்தையில் இலாபம் பிறக்கும் இடம். அவ்வேறுபாட்டைத் தரகர் அறிவார், வாங்குபவரும் அறிவார். விற்கும் குடும்பத்திற்கு மட்டும் பெரும்பாலும் அது தெரிவதில்லை. சமவெளியில் பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போயிற்று என்பது ஊர் முழுவதும் தெரிந்திருக்கும்; விற்பனை அரிதாக நடக்கும் மலைச்சிற்றூரில் ஒப்பிட்டுப் பார்க்க முன்விலையே இருப்பதில்லை.

விற்பனையின் விளைவு விற்ற துண்டோடு நின்றுவிடுவதும் இல்லை. சாலையோரத் துண்டு கைமாறி வேலி போடப்படும்போது, அதற்குப் பின்னாலுள்ள நிலங்களுக்குத் தலைச்சுமையோடு சென்று வந்த ஒற்றையடிப் பாதை அடைபடலாம். நெடுங்காலம் பயன்படுத்திய பாதைக்கும் நீருக்கும் அனுபோக உரிமையை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது என்றாலும், அந்த உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டும் செலவு ஒரு சிறு உழவரின் ஆண்டு வருமானத்தை விழுங்கிவிடக்கூடும். ஓடையின் மேற்பகுதியில் ஒரு நிலம் கைமாறி அங்கே நீர் தேக்கப்பட்டால், கீழேயுள்ள வயல்கள் அனைத்தும் அதன் விளைவைச் சுமக்கின்றன. மலையில் நிலம் தனித்தனித் துண்டாகப் பத்திரத்தில் எழுதப்பட்டாலும், நீராலும் வழியாலும் அது ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கிறது.

பத்திரப் பதிவுக்கு அரசு ஓர் அடிப்படை விலையை நிர்ணயிக்கிறது. அது வழிகாட்டி மதிப்பு எனப்படும். 2017 ஜூனில் 33 விழுக்காடு குறைக்கப்பட்ட இம்மதிப்பு, 2023 ஏப்ரலில் முந்தைய நிலைக்கு உயர்த்தப்பட்டு, பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இக்கட்டணத்தோடு முத்திரைத் தீர்வை 5 விழுக்காடும் மாற்று வரி 2 விழுக்காடும் சேர வாங்குபவர் 9 விழுக்காடு செலுத்த வேண்டும். வழிகாட்டி மதிப்பு வரி வசூலிப்பதற்கான அளவுகோலே அன்றி, விற்பவர் தம் நிலத்தின் உண்மையான சந்தை மதிப்பை அறிவதற்கான வழியன்று. இவ்வேறுபாட்டை அறியாத ஒருவர், அரசு சொல்லும் விலையே நியாய விலை என்று நம்பி ஏமாறவும் கூடும்.

சாமையிலிருந்து மரவள்ளிக்கு

நிலத்தை விற்கும் முடிவு ஒரே நாளில் எடுக்கப்படுவது போலத் தோன்றினாலும், அதன் வேர் பயிர்முறை மாற்றத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் கொல்லிமலையின் மேட்டுக்காடுகளில் சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு ஆகிய சிறுதானியங்கள் விளைந்தன. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும் பெருஞ்சாமை எனப் பல இரகங்களை உழவர்கள் பேணினர். மழையின் அளவுக்கும் மண்ணின் தன்மைக்கும் ஏற்ப எந்த இரகத்தை எங்கே விதைப்பது என்னும் அறிவு குடும்பங்களில் தலைமுறையாகக் கைமாறி வந்தது. விளைந்த தானியம் வீட்டிலேயே இருந்ததால், சந்தை விலை விழுந்தாலும் அடுப்பு எரிந்தது.

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகள் பெருகியபோது மரவள்ளிக் கிழங்கின் தேவை கூடியது. 1981இல் சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமாகச் சேகோசர்வ் தொடங்கப்பட்டது. மலையின் மேட்டுக்காடுகள் படிப்படியாக மரவள்ளிக்கு மாறின. காபியும் மிளகும் சில்வர் ஓக் மரங்களும் நிழலுள்ள நிலங்களைப் பிடித்தன. பணம் கைக்கு வந்தது உண்மை. குழந்தையின் படிப்புக்கும் ஓட்டு வீட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மரவள்ளிப் பணமே உதவியது என்பதால், இம்மாற்றத்தை வெறும் இழப்பாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

எனினும் மரவள்ளி ஏறத்தாழ பத்து மாதம் நிலத்தில் நிற்கும் பயிர். அந்தப் பத்து மாதத்திற்கும் உணவைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதன் விலை ஆலைகளாலும் வியாபாரிகளாலும் அடிவாரத்தில் தீர்மானிக்கப்படுகிறது. விளைச்சலுக்கு முன்பே முன்பணம் வாங்கியவர் விலையைப் பேசும் நிலையில் இருப்பதில்லை. சரிவான நிலத்தில் ஆண்டுதோறும் கிழங்கைத் தோண்டி எடுப்பதால் மண் இளகி மழையில் அரிக்கப்படுகிறது. சத்து குறைய உரச்செலவு கூடுகிறது. விலை விழும் ஆண்டில் கடன் மிஞ்சுகிறது. அதோடு ஒரு நோயோ திருமணமோ சேர்ந்தால் நிலம் ஒத்திக்குப் போகிறது. ஒத்தி அல்லது போக்கியம் என்பது கடன் தொகைக்கு ஈடாக நிலத்தைக் கடன் கொடுத்தவரின் அனுபவத்தில் விடுவது. வட்டிக்குப் பதிலாக விளைச்சலை அவர் எடுத்துக்கொள்வார், அசலைத் திருப்பித் தரும்போது நிலம் உரியவருக்கு மீளும். விளைச்சலை இழந்த குடும்பம் அசலை எங்கிருந்து சேர்க்கும் என்பதே இம்முறையின் சிக்கல். விற்பனைக்கு வரும் நிலங்களின் பின்னால் இப்படியொரு கடன் வரலாறு இருக்குமானால், அதற்குக் கிடைக்கும் விலை தேர்ந்து பேசிய விலையாக இருக்க முடியாது. அது நெருக்கடியின் விலை.

சென்னையில் 1988இல் நிறுவப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் நீண்ட காலமாகச் சிறுதானிய மீட்புப் பணியைச் செய்து வருகிறது. சாமையின் உமியை நீக்கப் பெண்கள் மணிக்கணக்கில் உலக்கை பிடிக்க வேண்டியிருந்ததே அப்பயிர் கைவிடப்பட்டதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்று கண்டு, சிற்றூர்களில் உமி நீக்கும் இயந்திரங்களை அமைத்தும், விதை வங்கிகளை ஏற்படுத்தியும், மகளிர் குழுக்கள் மூலம் விற்பனைக்கு வழிசெய்தும் அந்நிறுவனம் செயல்பட்டது. நிலத்திலிருந்து நிலையான வருமானம் வந்தால் நிலத்தை விற்க வேண்டிய தேவை குறையும் என்பதால், இப்பணி நிலப் பாதுகாப்புப் பணியாகவும் அமைகிறது.

காகிதத்தில் நிலம்

நிலத்தை உடையவர் யார் என்பதற்குத் தமிழ்நாட்டில் பல ஆவணங்கள் சான்றாகின்றன. வருவாய்த் துறை வழங்கும் பட்டா, ஒருவரிடமுள்ள நிலங்களைத் தொகுத்துக் காட்டும் சிட்டா, எந்த ஆண்டு என்ன பயிர் செய்யப்பட்டது என்பதைக் காட்டும் அடங்கல், பதிவுத் துறையில் கிடைக்கும் கிரயப் பத்திரம், முந்தைய பரிமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிவு செய்கிறது. அதில் எழுதியிருப்பவர்தான் உண்மையான உரிமையாளர் என்று அரசு உறுதியளிப்பதில்லை. ஆகவே வாங்குபவர் பல தலைமுறைப் பத்திரங்களைத் தேடிப் பார்க்க வேண்டியுள்ளது.

இதற்கு மாறான முறை ஆஸ்திரேலியாவில் தோன்றியது. தெற்கு ஆஸ்திரேலியாவில் இராபர்ட் டோரன்ஸ் முன்னெடுத்த 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்கு இறுதிச் சான்று. பிழை நேர்ந்தால் இழப்பீட்டுக்கும் அம்முறையில் வழி உண்டு. அங்குள்ள ஒரு சிற்றூரில் வீடு வாங்குபவர் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்து முடிவு செய்ய முடிவது இம்முறையால்தான். ஆயினும் அந்தத் தெளிவான பதிவேடு, அம்மண்ணின் தொல்குடியினரை நெடுங்காலம் உரிமையாளராகக் கருதவே இல்லை. 1992இல் மாபோ வழக்கின் தீர்ப்பும், அதைத் தொடர்ந்த 1993ஆம் ஆண்டின் தொல்குடி நிலவுரிமைச் சட்டமும் வந்த பிறகே அவர்களுடைய மரபுரிமை ஏற்கப்பட்டது. அவ்வுரிமையைச் சந்தையில் விற்க முடியாது என்னும் பாதுகாப்பும் அதோடு இணைந்திருந்தது. பதிவேடு தெளிவாக இருப்பது மட்டும் போதாது, அதில் யாருடைய பெயர் இடம்பெறுகிறது என்பதும், எந்த நிபந்தனையோடு இடம்பெறுகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

கொல்லிமலையில் இச்சிக்கலின் வடிவம் கூட்டுப்பட்டா. தாத்தாவின் பெயரிலோ பல பங்காளிகளின் பெயரிலோ பட்டா நீடிக்க, நிலம் மட்டும் வாய்மொழியாகப் பாகம் பிரிக்கப்பட்டு அனுபவிக்கப்படுவது மலைப்பகுதிகளில் பரவலான நிலை. தனிப்பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடனும் பயிர்க்காப்பீடும் எளிதில் கிடைப்பதில்லை. வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் அழிந்தால் இழப்பீடு பெறுவதும் கடினம். அதனால் அவர் தனியாரிடம் வட்டிக்கு வாங்குகிறார். மறுபுறம், கூட்டுப்பட்டாவில் பெயருள்ள ஒரு பங்காளி பிரிக்கப்படாத தம் பாகத்தை விற்றுவிட்டால், வாங்கியவர் மற்ற பங்காளிகளின் அனுபவ நிலத்துக்குள்ளும் உரிமை கோரும் நிலை உருவாகிறது. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வழங்குவது சிறு அலுவலகப் பணியாகத் தோன்றலாம். மலைக்குடும்பத்திற்கு அதுவே கடனிலிருந்தும் வழக்கிலிருந்தும் காக்கும் கருவி.

பெண்களின் நிலை இதனினும் நலிந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மைய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2ஆம் பிரிவே கூறுகிறது. எனவே மகளின் பங்கு வழக்காற்றைச் சார்ந்ததாகிறது. இந்நிலையை மாற்றுவது பற்றி ஆராயுமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மைய அரசைக் கேட்டுக்கொண்டது. வழக்காறு மறுப்பதாக மெய்ப்பிக்கப்படாத வரை பழங்குடிப் பெண்ணின் சமபங்கை மறுக்க முடியாது என்று 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் அது தீர்ப்பளித்தது. களையெடுப்பிலிருந்து தானியம் குற்றுவது வரை நிலத்து உழைப்பில் பெரும்பங்கைச் சுமக்கும் பெண், அந்நிலம் விற்கப்படும்போது கையொப்பமிட வேண்டியவராக இல்லாமல் போவது நீதியாகாது.

சட்டத்தில் ஓர் இடைவெளி

பழங்குடியினரின் நிலம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டங்கள் இந்தியாவில் புதியன அல்ல. இன்றைய ஜார்க்கண்டில் 1908ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆந்திரத்தில் 1959ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையும், அதைக் கடுமையாக்கிய 1970ஆம் ஆண்டுத் திருத்தமும் பட்டியலிடப்பட்ட பகுதிகளில் பழங்குடியல்லாதவர் நிலம் வாங்குவதையே தடை செய்கின்றன. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின் கீழ் பட்டியலிடப்பட்ட பகுதிகள் பத்து மாநிலங்களில் உள்ளன. தமிழ்நாட்டில் அப்படியொரு பகுதி அறிவிக்கப்படவில்லை. பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் கொல்லிமலையும் அப்பாதுகாப்புக்கு வெளியிலேயே நிற்கிறது.

தமிழ்நாட்டில் உள்ளது வருவாய் வாரிய நிலையாணை 15இன் 40ஆம் பத்தி. மலையாளி, சோளகர் ஆகிய பழங்குடியினருக்கு அரசு ஒப்படை செய்த நிலம் கைமாறுவதை அது கட்டுப்படுத்துகிறது. நிலையாணை என்பது நிர்வாக விதியே. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் வலிமை அதற்கு இல்லை. மேலும், அது அரசு ஒப்படை செய்த நிலத்தைப் பற்றியது. மரபாகக் குடும்பத்தின் பெயரில் உள்ள பட்டா நிலத்தை அது முழுமையாகக் காப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வனநிலத்தில் பயிர் செய்து வரும் பழங்குடியினருக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை வழங்குகிறது. அந்த உரிமை வாரிசுக்குச் செல்லும், விற்க முடியாது. தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமை ஆவணங்கள் வழங்குவது தடைபட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே வழி திறந்தது. பிற மாநிலங்கள் பயன்படுத்திக்கொண்ட அந்த எட்டு ஆண்டுகள் தமிழகப் பழங்குடியினருக்கு இழப்பாயின.

சட்டம் இயற்றினால் மட்டும் போதும் என்று கொள்வதற்கும் இடமில்லை. கோயம்புத்தூரை ஒட்டிய அட்டப்பாடியை உள்ளடக்கிய கேரளத்தில், கைமாறிய பழங்குடி நிலத்தை மீட்பதற்கான சட்டம் 1975இலேயே நிறைவேறியது. அதற்கான விதிகள் 1986இல்தான் வந்தன. 1999இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், மீட்பதற்குப் பதிலாக மாற்று நிலம் தரும் வழியை வகுத்தது. சட்டத்திற்கும் நடைமுறைக்கும் இடையில் கழிந்த ஆண்டுகளில் நிலம் மீள முடியாத அளவுக்குக் கைமாறிவிட்டது. தமிழ்நாடு இனி இயற்றும் எந்தச் சட்டமும் இந்தப் பாடத்தைக் கற்றதாக இருக்க வேண்டும்.

கட்டடங்களைப் பொறுத்தவரை, 1990இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் அறிவிக்கப்பட்ட மலைக்கிராமங்களில் மனைப்பிரிவுக்கும் கட்டுமானத்திற்கும் பொருந்துகின்றன. வனம், வேளாண்மைப் பொறியியல், புவியியல் ஆகிய துறைகளின் கருத்தைப் பெற்றே அனுமதி வழங்கப்படுகிறது. சரிவும் மண்ணும் நீரும் காக்கப்பட வேண்டும் என்பதே இதன் நோக்கம். மனை வாங்குவோர் அனுமதியைச் சரிபார்ப்பது அவர்களுடைய பணத்துக்கு மட்டுமன்றி மலைக்கும் பாதுகாப்பு.

வாழ்வின் நிலை

மலையில் வாழ்வதன் செலவைச் சமவெளியின் அளவுகோலால் அளக்க முடியாது. மண்சுவரும் மூங்கிலும் கூரைப்புல்லும் கொண்ட பழைய வீடு, கிட்டத்தட்ட முழுவதும் சுற்றுப்புறத்துப் பொருளாலும் உறவினர் உழைப்பாலும் எழுந்தது. குளிரையும் காற்றையும் தாங்கியது. இன்றைய கான்கிரீட் வீட்டுக்குச் செங்கல், சிமெண்ட், கம்பி அனைத்தும் காரவள்ளி வழியாகவோ முள்ளுக்குறிச்சி வழியாகவோ மலையேறி வர வேண்டும். சாலை முடியும் இடத்திலிருந்து சிற்றூர் வரை தலைச்சுமையாகக் கொண்டு செல்லும் கூலி தனி. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் 8 லட்சம் குடிசைகளுக்கு மாற்றாகத் தலா 3.5 லட்சம் ரூபாயில் வீடுகள் கட்டுவதை இலக்காகக் கொண்டது. சமவெளியில் ஒரு வீட்டுக்குப் போதுமான தொகை மலையுச்சியில் போதாமல் போகலாம் என்பதை இத்தகைய திட்டங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டுமனைக்குப் பட்டா இல்லாதவருக்கு இத்தகைய திட்டம் எட்டாது என்பதால், இங்கும் கேள்வி நில ஆவணத்துக்கே திரும்புகிறது.

மருத்துவத்துக்குச் செம்மேட்டில் அரசு மருத்துவமனை உள்ளது. பெரிய சிகிச்சைக்கு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியை நோக்கி இறங்க வேண்டும். வலியோடு இருக்கும் கர்ப்பிணிக்கும் பாம்பு கடித்தவருக்கும் வளைவுகள் நிறைந்த அந்த இறக்கம் நீண்ட பயணம். சிகிச்சை இலவசமாயினும், வாடகை வண்டியும் உடனிருப்போர் செலவும் இழந்த கூலியும் சேர்ந்து ஒரு சிறு குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும். கல்வியில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் தொலைவின் சிக்கலைப் பெரிதும் தீர்த்துள்ளன. உயர்கல்விக்கு மலையிறங்க வேண்டியிருப்பதால், படித்த இளைஞர் பலர் மலைக்குத் திரும்புவதில்லை. வேலைக்காகத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகும் இளைஞர் பெருகும்போது நிலத்தைப் பார்த்துக்கொள்ள முதியோரே எஞ்சுகின்றனர். ஆள் இல்லாத நிலம் தரகரின் பார்வையில் எளிதில் படுகிறது.

வெளிமுதலீட்டால் நன்மையே இல்லை என்பதும் சரியன்று. தங்கும் விடுதிகளும் சுற்றுலா வாகனங்களும் மலைமக்களுக்கு வேலை தருகின்றன. சோளக்காட்டுச் சந்தையில் மலைவாழையும் பலாவும் அன்னாசியும் மிளகும் வாங்கும் பயணிகளால் சிறு விவசாயிக்கு இடைத்தரகரற்ற விலை கிடைக்கிறது. வேறுபாடு உடைமையில் இருக்கிறது. நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வீட்டின் ஒரு பகுதியில் பயணியைத் தங்க வைக்கும் குடும்பம் ஆண்டுதோறும் வருமானம் பெறுகிறது. நிலத்தை விற்றுவிட்டு அதே இடத்தில் எழுந்த விடுதியில் காவலுக்கும் துப்புரவுக்கும் சேரும் குடும்பம் கூலியை மட்டும் பெறுகிறது. சுற்றுலா வளர்ச்சி என்று பொதுவாகக் குறிக்கப்படும் ஒன்று, இந்த இரு குடும்பங்களுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

செய்ய வேண்டியவை

எடப்புளி நாடு முதலிய 14 நாடுகளிலும் நிலத்துக்கு நியாயமான மதிப்பும் வாழ்வுக்கு உறுதியும் கிடைக்க வேண்டுமானால், சில பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒருங்கே நடைபெற வேண்டும். முதலாவதாக, வருவாய்த் துறை சிற்றூர்தோறும் முகாமிட்டு, பங்காளிகள் முன்னிலையில் அளந்து, கூட்டுப்பட்டாக்களைத் தனிப்பட்டாக்களாக மாற்றித் தர வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரையும் அவற்றில் சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான பதிவுகளுக்கு ஒரு விழுக்காடு கட்டணச் சலுகை வழங்கப்படுவது, இத்திசையில் அரசு ஏற்கெனவே அடியெடுத்து வைத்திருப்பதைக் காட்டுகிறது. இரண்டாவதாக, பழங்குடியினரின் பட்டா நிலம் வெளியாருக்குக் கைமாறுவதை ஒழுங்குபடுத்தும் தெளிவான சட்டத்தைச் சட்டமன்றம் இயற்ற வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் சேந்தமங்கலமும் ஏற்காடும் ஆகிய இரண்டே என்பதால், இக்கோரிக்கையின் சுமையை அவ்விரு தொகுதிகளின் உறுப்பினர்கள் மட்டும் சுமக்க விடாமல், பிற தொகுதிகளின் உறுப்பினர்களும் ஏற்க வேண்டும்.

சட்டம் விற்பனையைத் தடுக்கும்போது, கடன் பெறும் வழியையும் அது அடைத்துவிடக் கூடாது என்பது மூன்றாவது செய்தி. விற்க முடியாத நிலத்தை வங்கி ஈடாக ஏற்கத் தயங்கும்; அத்தயக்கத்தைக் களையக் கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் அரசு உத்தரவாதத்துடன் கடன் வழங்க வேண்டும். இல்லையேல் வெளிப்படையான விற்பனை நின்று, எழுதப்படாத ஒத்தியும் பினாமிப் பெயரும் பெருகும். நான்காவதாக, நெருக்கடி விற்பனையின் காரணங்களையே குறைக்க வேண்டும்: மலையிலேயே மகப்பேற்றுக்கும் அவசர அறுவைக்கும் வசதி, சிறுதானியத்துக்கும் மிளகுக்கும் உறுதியான கொள்முதல், அறுவடைக்கு முந்தைய மாதங்களில் குறைந்த வட்டிக் கடன் ஆகிய மூன்றும் எந்த நிலச் சட்டத்தை விடவும் அதிக நிலத்தைக் காக்கும்.

மலையில் ஓர் ஏக்கர் என்ன விலைக்குப் போகிறது என்பதைக் கொண்டு அம்மலையின் வளத்தை அளப்பது எளிது; ஆனால் அது வாங்குபவரின் அளவுகோல். விற்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் எத்தனை குடும்பங்கள் தம் நிலத்தில் நிற்க முடிகிறது என்பதே அங்கு வாழ்பவரின் அளவுகோல். வேண்டாம் என்று சொல்லும் வலிமை உள்ளவருக்கே நியாயமான விலை கிடைக்கும். அவ்வலிமையை ஒவ்வொரு மலைக்குடும்பத்துக்கும் பெற்றுத் தருவது அரசின் கடமை. அதை நினைவூட்டுவது, கொல்லிமலையின் காற்றையும் மிளகையும் அருவியையும் நுகர்ந்து மகிழும் சமவெளி மக்களின் கடமை.